பதினோராம் நிமிடத்து மேடு

வெறும் தண்ணீரில் எதுவும் வரக்கூடாது. ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் செய்யும் முதல் வேலை அதுதான்: இயந்திரத்துக்குள் ஒரு துளி தூய தண்ணீரைச் செலுத்திவிட்டு, திரையில் இருபது நிமிடம் ஒரு நேர்க்கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. கோடு நேராக ஓடினால் இயந்திரம் சுத்தம். அன்றைய மருந்தைச் சோதிக்க ஆரம்பிக்கலாம். இதைவிடச் சலிப்பான வேலை உலகத்தில் கிடையாது என்று அக்காவிடம் பலமுறை புலம்பியிருக்கிறாள். இன்று கோடு பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. பதினோராவது நிமிடத்தில் லேசாகத் தலை தூக்கியது.

சின்ன மேடு. ஏறி, இறங்கி, ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் கோடாகப் படுத்துக்கொண்டது.

கையுறையைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை அது. சுவரோரம் ஈயக் கட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்க, காற்றை எப்போதும் உள்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும் விசிறிகளின் ஓயாத ரீங்காரமும், மேசை துடைத்த ஸ்பிரிட்டின் வாசனையும், கதவு மூடும்போதெல்லாம் யாரோ பெருமூச்சு விடுவது போல எழும் ஒரு நீண்ட சத்தமும் பதினெட்டு வருடமாக அவளுக்குப் பழகிப்போனவை. இன்றைக்கு அவை எல்லாம் ஒரு படி மங்கிவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலை மாற்றினாள். ஊசியை மாற்றினாள். குழாயை அரை மணி நேரம் கழுவவிட்டாள். மறுபடியும் ஒரு துளி தண்ணீர். இம்முறை நாற்காலியில் உட்காராமல், திரைக்கு முன்னால் கை கட்டி நின்றாள்.

பதினோராவது நிமிடம் அது வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக.

அவள் வேலை செய்யும் இடத்தில் மூளையை ஸ்கேன் எடுப்பதற்கான கதிர்வீச்சு மருந்தைத் தயாரிக்கிறார்கள். மறதி நோய் வந்தவர்களின் மூளையில் ஒரு கழிவுப் புரதம் படியும். ஊசி வழியாகப் போகும் மருந்து அதில் ஒட்டிக்கொண்டு ஒளிர, மேல்மாடி ஸ்கேனர் அதைப் படம் பிடிக்கும். தயாரிப்பவரைச் ‘சமையல்காரர்’ என்பார்கள். ருசி பார்ப்பது இவள். இவள் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு மாடிக்குப் போகாது என்பதால், ‘கையெழுத்து மேடம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. மருந்தில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் இந்த இயந்திரத்தின் எஃகுக் குழாயைத் தன் தன் நேரத்தில் கடந்து வரும். கதிர்வீச்சு உள்ளதை மட்டும் திரை மேடாக வரையும். மருந்து ஏழாவது நிமிடம் வரும். வேறு நேரத்தில் எது வந்தாலும் அது அழையா விருந்தாளி. அதன் பங்கு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் விடலாம். தாண்டினால் மொத்த பேட்சும் குப்பைக்கு. ஏனென்றால் அந்த விருந்தாளி மூளைக்குள் நுழைந்து கண்ட இடத்தில் உட்கார்ந்து ஒளிர்ந்தால், ஸ்கேன் பொய் சொல்லும்.

இயந்திரக் கோளாறு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் பதினோராவது நிமிடத்தை அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். பதினொரு நாளுக்கு முன்பு.

அன்று மாடியில் காத்திருந்தது அக்கா. முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், போன வருடம் சமையலறையில் நின்றுகொண்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் தேடினாள். அடுப்பை அணைத்தோமா என்று ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை கேட்டாள். வீட்டில் இருப்பதே இவர்கள் இருவர்தான். அம்மா போன பிறகு இவளை வளர்த்தது அக்கா. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். “கை நழுவிடும் சுண்டு, மணிக்கட்டு நழுவாது” என்பாள். சுண்டு என்பது அவள் இவளுக்கு வைத்த பெயர். நோயை மட்டுப்படுத்தப் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, ஸ்கேனில் நோய் தெரிந்தால், அதுவும் சீக்கிரமே தெரிந்தால்தான் கொடுக்க முடியும் என்றார் டாக்டர். ஸ்கேனுக்குக் கொடுத்த முதல் தேதியில் பேட்ச் தேறவில்லை. இரண்டாவது தேதியிலும் தேறவில்லை. இரண்டையும் நிராகரித்துக் கையெழுத்துப் போட்டவள் இவளே. மூன்றாவது முறை காலை பேட்சும் கெட்டு, மதியத்துக்கு மேல் இன்னொன்று சமைத்து அனுப்பினார்கள். சோதித்தாள். பதினோராவது நிமிடத்தில் ஒரு மேடு. 5.4 சதவீதம்.

அடுத்த தேதி என்றால் மூன்று மாதம் ஆகும். மேட்டின் அடியில் கோடு போடுவதைக் கணினியே செய்துவிடும். அது தவறினால் மனிதர் திருத்தலாம் என்று அனுமதி உண்டு. அன்று அது தவறவில்லை. அவள் திருத்தினாள். மவுஸைப் பிடித்து, மேட்டுக்குக் கீழே ஓடிய கோட்டை ஒரு மயிரிழை மேலே தூக்கினாள். மேட்டின் பாதம் கோட்டுக்குக் கீழே போயிற்று. கீழே போனது கணக்கில் சேராது. 5.4 என்பது 4.9 ஆனது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். மாலை ஐந்து பத்துக்கு அக்காவுக்கு ஊசி போட்டார்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சந்தோஷமாகப் போங்கள் என்றார் டாக்டர். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் நாளிலிருந்து அக்கா தேறத் தொடங்கினாள். பழைய மாணவிகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டு வரிசையில் சொன்னாள். அடுப்பைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். கட்டம் போட்ட நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து ஏதோ வரைபடம் போட ஆரம்பித்தாள். இவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. நடந்ததெல்லாம் நல்லதற்கே என்று தன் தப்பையும் அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்து மூடி வைத்துவிட்டாள்.

மேசைமேல் போன் அடித்தது. தூக்கிப்போட்டது அவளுக்கு.

“மேடம், கொஞ்சம் மேல வர முடியுமா?” மாடியில் ஸ்கேனரை இயக்கும் படக்காரர். எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும் மனிதர். “தண்ணித்தலை சேட்டை பண்ணுது.”

தண்ணித்தலை என்பது மனிதத் தலை அளவில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரம். ஸ்கேனர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் மருந்தை ஊற்றிக் கலக்கிப் படம் எடுப்பார்கள். உள்ளே மூளை கிடையாது. எதிலும் ஒட்டிக்கொள்ள இடம் கிடையாது. முழுக்க ஒரே மாதிரி ஒளிர வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

திரையில் தலையின் வெளிக்கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே ஒரே இருட்டு. பின்பக்கம், கீழே, கழுத்து ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பயறு அளவு வெளிச்சம்.

“எவ்வளவு மருந்து ஊத்தினீங்க?” என்று கேட்டாள்.

“எங்க ஊத்தறது? இன்னிக்கு இன்னும் நீங்க ஒண்ணும் அனுப்பலையே. வெறும் தண்ணி. ஒண்ணும் வரக்கூடாதுன்னு பாக்கத்தான் எடுத்தேன்.” அவர் அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பயறு, மொச்சை, பிறகு அதைவிடப் பெரிது. “வளருது பாருங்க. தண்ணிக்குள்ள யாரோ மீன் வளர்க்கறாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “இதைக் கடைசியா எப்ப எடுத்தீங்க?”

“பதினொரு நாள் ஆச்சு. உங்க அக்கா வந்தாங்களே, அன்னிக்கு மிச்சம் இருந்த மருந்தை ஊத்தித்தான் சரி பாத்தேன். அப்புறம் நல்லாக் கழுவிக் கவுத்து வெச்சாச்சு.”

அந்த பேட்ச் தொட்ட இயந்திரம். அந்த பேட்ச் தொட்ட பிளாஸ்டிக் தலை.

“அக்கா ஸ்கேனை எடுங்க.”

எடுத்தார். அதே இடம். பின்பக்கம், கீழே, சிறுமூளை. முதல் படத்தில் பயறு. கடைசிப் படத்தில் சிறுமூளை முழுவதும் வெள்ளை. அங்கிருந்து ஒரு நூல் மேல்நோக்கிக் கிளம்பியிருந்தது.

“இது அன்னிக்கு டாக்டர் கண்ணுல படலையா?”

“அவங்க எல்லாப் படத்தையும் சேர்த்து வர்ற நம்பரைத்தானே பாப்பாங்க.” அவர் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. “மேல் மூளையோட வெளிச்சத்தைச் சிறுமூளையோட வெளிச்சத்தால வகுப்போம். சிறுமூளையில அந்தக் கழிவு படியாது, அதனால அதுதான் நமக்கு அளவுகோல். இங்க அளவுகோலே ஏறிக் கிடக்கு. அப்ப நம்பர் குறைஞ்சுதான் வரும்.”

அப்படியென்றால் அந்த எண் பொய். அக்காவுக்கு நோய் இருந்திருக்கிறது. அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை இவள் தூக்கிய ஒரு கோட்டால் கிடைக்காமல் போயிருக்கிறது. அதை நினைத்ததும் கண் கலங்கியது. மறுகணம் வேறொன்று தோன்ற, கலங்கிய கண் அப்படியே உலர்ந்தது. நோய் அப்படியே இருக்கிறதென்றால், அக்கா எப்படித் தேறினாள்?

“இன்னிக்கு யாருக்கும் ஊசி போடாதீங்க” என்றாள். “காத்திருக்கறவங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

“காரணம் கேப்பாங்களே மேடம்.”

“நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க.”

அவர் போனை எடுத்துக் காத்திருப்பு அறையின் எண்ணை அழுத்தினார்.

மேலதிகாரியைத் தேடினாள். அவர் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தார். நாளைக் காலை பேசலாம் என்றார்கள். கீழே இறங்கினாள். பெருமூச்சு விட்டுக் கதவு மூடிக்கொண்டது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு சின்னப் புட்டி அங்கே எடுத்து வைத்திருப்பார்கள், பின்னால் பிரச்சினை வந்தால் பார்க்க. ஈய ஜாடிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பதினொரு நாள் பழைய ஜாடி. மேலே, கடைசிச் சுழி மூடாத அவள் கையெழுத்து. இந்த மருந்தின் கதிர்வீச்சு நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஒரு நாளிலேயே பதின்மூன்று முறை பாதி. பதினொரு நாளில் எண்ணிச் சொல்ல எதுவும் மிஞ்சாது. அவ்வளவு நாளான புட்டியைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்தாலும் ஆபத்தில்லை.

கதிர்வீச்சை அளக்கும் கருவிக்குள் புட்டியை இறக்கினாள். எண் ஏறியது. நிற்காமல் ஏறியது.

அதிலிருந்து ஒரு துளி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தாள். ஏழாவது நிமிடம் கோடு அசையவில்லை. மருந்து எப்போதோ செத்துவிட்டது, முறைப்படி. எட்டு, ஒன்பது, பத்து. அறைக் காற்று உள்பக்கமாக இழுபட்டுக்கொண்டே இருந்தது. பதினொன்று. மேடு எழுந்து, திரையின் உச்சியைத் தாண்டி, எங்கே போய் முடிந்தது என்று தெரியாமல் போயிற்று. கணினிக்கு என்ன தெரியும், இருப்பதை எண்ணியது. கீழே அச்சடித்துக் கொடுத்தது.

தூய்மை: 100.

வீட்டுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா.

“சாப்பிட்டியாக்கா?”

“ஆச்சு. நீ அஞ்சு பத்துக்குள்ள வந்துடு.”

“எதுக்கு?”

“நேரம் ஆயிடும்ல” என்றாள் அக்கா. தெளிவான குரல். வகுப்பில் பேசுகிற குரல்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சுண்டு என்று கூப்பிடவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல. யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஊசி போட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட அக்கா அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

கதிர்வீச்சைக் காட்டும் கைமானி ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதை வெளியே எடுத்துப் போவது குற்றம். இன்றைக்கு அது எத்தனையாவது குற்றம் என்று எண்ணுகிற நிலையில் அவள் இல்லை. எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். வேலை போகட்டும். மானம் போகட்டும். அக்கா பிழைத்தால் போதும்.

சாலை நெரிசலில் நேரம் ஓடிவிட்டது. வீட்டை அடையும்போது ஐந்தரை தாண்டியிருந்தது. வெளியே நல்ல வெளிச்சம். எதிர்வீட்டில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்துத் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் அந்தச் சத்தமெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. திரைச்சீலைகளுக்குப் பின்னால் பழைய செய்தித்தாளை ஒட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தாள் அக்கா. வீட்டுக்குள் ஸ்பிரிட் வாசனை.

சாப்பாட்டு மேசைக்கு முன்னால், நிமிர்ந்து, இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இப்படி உட்காருவது எதற்கென்று இவளுக்குத் தெரியும். ஊசி போட்ட பிறகு ஐம்பது நிமிடம் நோயாளியை இருட்டறையில் உட்கார வைப்பார்கள். கண் திறந்திருக்க வேண்டும். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, அசையக்கூடாது. மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்பதற்காக. ஊசி போட்டது ஐந்து பத்து. ஐம்பது நிமிடம். ஆறு மணி. கொஞ்ச நாளாகவே சாயங்காலங்களில் அக்கா இப்படி உட்கார்ந்திருப்பதை இவள் பார்த்திருக்கிறாள். தியானம் என்று நினைத்துக்கொண்டாள்.

“அக்கா.”

“இன்னும் நேரம் ஆகல. உக்காரு.”

உட்கார்ந்தாள். “அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உனக்குக் குடுத்த மருந்து…”

“தெரியும்” என்றாள் அக்கா. “கோட்டைத் தூக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டே. இடது காலால நாற்காலியைத் தட்டிக்கிட்டே இருந்தே.”

அன்று அந்த அறையில் வேறு யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது.

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நான் அங்கதானே இருந்தேன்.” அக்கா தலையைத் திருப்பவில்லை. “பதினோராவது நிமிஷத்துல.”

அவள் பைக்குள் கைவிட்டு மானியை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள். அக்காவின் பின்மண்டைக்கு அருகில் கொண்டுபோனாள். மானி தனித்தனியாகத் துடிக்கவில்லை. ஒரே சத்தமாக அலறியது. காது. நெற்றி. தொண்டை. நெஞ்சு. எங்கே கொண்டுபோனாலும் அதே அலறல். வலது தோள். வலது கை. அலறல். மேசைக்குக் கீழே மடிமேல் கிடந்த இடது கைக்கு வந்தாள்.

டிக்.

நிசப்தம்.

டிக்.

அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் உடம்பில் அது மட்டும்தான் நடுங்கியது. மெல்ல எழுந்து, காற்றில் தடவித் தடவி வந்து, இவள் மணிக்கட்டைப் பிடித்தது. சாலையைக் கடக்கும்போது பிடிக்கிற பிடி.

“சுண்டு.” உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. குரல் எங்கேயோ ஒரு நீண்ட தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து வந்தது. “சுண்டு, அடுப்பை அணைச்சேனா?”

இந்தக் கையில் இருப்பவள்தான் அக்கா. மறக்கிறவள். ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை கேட்கிறவள். இத்தனை நாளும் தெளிவாகப் பேசியதையும் பெயர்களை ஒப்பித்ததையும் கேட்டு இவள் சந்தோஷப்பட்டாளே, அந்த ஒவ்வொரு தெளிவுக்கும் அக்கா ஒரு அங்குலம் பின்வாங்கிப் போயிருக்கிறாள்.

“அணைச்சுட்டேக்கா” என்றாள் அழுதுகொண்டே. “நான் இருக்கேன். விடாதே. கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

வலது கை கட்டம் போட்ட நோட்டை இழுத்துத் திறந்தது.

முதல் பக்கம். டீச்சரின் அழகான கோடுகள். ஏழாவது நிமிடத்தில் பெரிய மேடு, பதினொன்றில் சிறியது. கீழே 94.6, 5.4. அடுத்த பக்கம், அடுத்த நாள். சிறிய மேடு 11. அடுத்தது 20. பிறகு 33. பக்கங்கள் புரண்டன. இரண்டு மேடும் ஒரே உயரம். பிறகு பின்னது உயரம். இன்றைய பக்கம். பதினோராம் நிமிடத்து மேடு தாளின் விளிம்பு வரை நின்றது. ஏழாவது நிமிடத்தில் ஒரு புடைப்பு மட்டும்.

5.4.

“இப்ப எது வேண்டாதது?” கேட்டது அக்காவின் வாய். கோபமில்லை. ஒரு கணக்கை மாணவியிடம் கேட்கிற தோரணை. “அஞ்சுக்குக் கீழ இருந்தா சுத்தம். விட்டுடலாம். உங்க விதிதானே.”

“வேண்டாம்.”

“இன்னும் தாண்டித்தான் இருக்கு. கொஞ்சம்தான்.” சுவர்க்கடிகாரம் ஆறுக்கு ஒரு நிமிடம் காட்டியது. “அதுக்கு என்ன பண்ணணும்னு நீதான் காமிச்சுக் குடுத்தே.”

வலது கை ஸ்கேலை எடுத்தது. அந்தச் சின்னப் புடைப்பின் அடியில் வைத்தது.

அவள் மானியைப் போட்டுவிட்டு ஒரு கையால் ஸ்கேலை அழுத்தினாள். நகர்ந்தது. முழு பலத்தோடு அழுத்தினாள். நகர்ந்தது. இரண்டு கையும் வேண்டும். இன்னொரு கை அக்காவின் பிடியில் இருந்தது. உருவிக்கொண்டால் தடுக்கலாம். உருவிக்கொண்டால் அக்கா நழுவிவிடுவாள்.

உருவவில்லை.

“சுண்டு, ரோடு தாண்டியாச்சா?”

“இல்லக்கா. இன்னும் இல்ல. பிடிச்சுக்கோ.”

ஸ்கேல் ஒரு மயிரிழை மேலே ஏறி நின்றது. பென்சில் அதன் ஓரமாக ஓடியது. நிதானமாக. இடமிருந்து வலமாக. புடைப்பின் பாதம் கோட்டுக்குக் கீழே போயிற்று.

4.9.

மணிக்கட்டில் இருந்த விரல்கள் தளர்ந்தன. சுண்டுவிரல் முதலில். பிறகு மோதிர விரல். பிறகு மற்றவை. நடுக்கம் நின்றிருந்தது. அந்த இடது கை அவளை விட்டுவிட்டு, அவசரமில்லாமல் மேசைமேல் ஏறி, நோட்டு நகராதபடி ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது. வலது கை தாளின் அடியில், கடைசிச் சுழியை மூடாமல் விடும் தங்கையின் கையெழுத்தை, ஒரு பிசகும் இல்லாமல் போட்டது.